சூடேறாத எஞ்சின்

அந்த எஞ்சினை அவளுக்குப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததை அரைகுறையாகக் காதில் வாங்கியவர்கள், அவள் எரிவாயுப் பேருந்துகளுக்கே பரம விரோதி என்றும், டீசல் ஆட்கள் யாரோ அவளைக் கிளப்பிவிட்டார்கள் என்றும் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அந்த எஞ்சினை அவளைவிட அதிகமாக நேசித்தவர் அதைச் செய்த கம்பெனியிலேயே இருந்திருக்க மாட்டார்.

பல்கலைக்கழகத்தின் எஞ்சின் சோதனைக்கூடத்தில் அவள் ஆராய்ச்சியாளர். இயற்கை எரிவாயுவில் ஓடும் பேருந்து எஞ்சின் ஒன்றைக் கம்பெனி சோதனைக்கு அனுப்பியிருந்தது. எவ்வளவு வாயு குடிக்கிறது, எவ்வளவு இழுவை தருகிறது, புகையில் என்னென்ன வருகிறது என்று அளந்து அறிக்கை தர வேண்டும். தடித்த சுவர்கள் கொண்ட அறையில், இரும்புப் படுக்கையின் மேல் எஞ்சினைப் பூட்டியிருந்தார்கள். அதன் தண்டின் மறுமுனையில் ஒரு பெரிய பிரேக் இயந்திரம். பேருந்தின் எடை, ஏறும் மேடு, நிற்கும் சிக்னல் எல்லாவற்றையும் அந்த இயந்திரம்தான் எஞ்சினுக்கு நடித்துக் காட்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்திருப்பாள். எந்த எண் லேசாக அசைந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

அதனால் கூடத்தில் அவளுக்கு முள்ளு என்று பெயர். பழைய அளவிகளில் முள் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் என்பது ஒரு காரணம். பேச்சு குத்தும் என்பது இன்னொன்று. பெயர் வைத்தவர் அங்கே எஞ்சின்களைப் பூட்டிக் கழற்றும் மெக்கானிக். எதையும் இன்னும் ஒரு சுற்று முடுக்காமல் விடமாட்டார் என்பதால் அவரை எல்லோரும் நட்டு என்றார்கள்.

பல மாதங்கள் முள்ளு அந்த எஞ்சினோடு மல்லுக்கட்டினாள். வாயுவைக் குறைத்து, காற்றைக் கூட்டி, தீப்பொறி விழும் நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்தி, கடைசியில் அது வயிறு நிறையாமலே வேலை செய்யும் ஆளைப் போல ஆகிவிட்டது. கம்பெனிக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. அறிக்கை வருவதற்கு முன்பே, ஒரு துளி எரிவாயுகூட வீணாகாத எஞ்சின் என்று விளம்பரம் செய்துவிட்டார்கள். நகரப் போக்குவரத்துக் கழகம் அதே அமைப்போடு பேருந்துகளை வாங்கி ஓட்டவும் தொடங்கியிருந்தது.

ஒரு காலையில்தான் அது கண்ணில் பட்டது. ஒப்பந்தப்படி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் அளக்க ஆரம்பிக்க வேண்டும். சூடேறும்வரை மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அன்று புகையளக்கும் கருவியின் குழாயை மாற்றியிருந்ததால், அது சரியாக இழுக்கிறதா என்று பார்க்க அவள் முன்னதாகவே அதை ஓடவிட்டாள். புகையை அகச்சிவப்புக் கதிருக்குள் செலுத்தி, அதில் என்ன என்ன வாயு இருக்கிறது என்று தனித்தனியாகச் சொல்லும் கருவி அது. எஞ்சின் சும்மா நின்று ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஃபார்மால்டிஹைடு ஏறியது. கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் வாயு. குழாய்தான் ஒழுகுகிறது என்று நினைத்தாள். கழற்றி மாட்டினாள். மறுபடியும் ஏறியது. பிரேக் இயந்திரம் சுமை ஏற்றி எஞ்சின் சூடேறியதும், ஒன்றுமே நடக்காததுபோல் இறங்கிவிட்டது.

மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும்.

அவளுக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. குளிர்ந்த உருளைக்குள் சுவரோரம் போகிற தீ பாதியில் அணைந்துவிடுகிறது. காற்று அதிகமான கலவை என்பதால் இன்னும் சீக்கிரமே அணைகிறது. அரைகுறையாக எரிந்த வாயு அந்த எரிச்சல் சரக்காக மாறி வெளியே வருகிறது. அதைச் சுத்தம் செய்யப் புகைக்குழாயில் ஒரு டப்பா இருக்கிறது. ஆனால் அந்த டப்பா சூடானால்தான் வேலை செய்யும். எஞ்சினைச் சும்மா நிறுத்தி ஓட்டினால் அது சூடாகவே ஆகாது.

சும்மா நின்று ஓடுவது என்றதும் அவளுக்கு அக்காவின் ஞாபகம் வந்தது.

அவளுடைய அக்கா நகரப் பேருந்து ஓட்டுநர். இருவரும் ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாகக் குடியிருந்தார்கள். அன்று சாயங்காலம் கீழே போனபோது அக்கா நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், அவள் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். இது எத்தனை நாளாக என்று இளையவள் கேட்டாள். புது பஸ் வந்ததிலிருந்து என்றாள் அக்கா. டிப்போவில் எல்லோருக்குமே இதுதான் கதி என்றும், தரை கழுவுகிற ஆசிட்டால் என்று டாக்டர் சொன்னார் என்றும், ஆசிட்டை மாற்றியும் எரிச்சல் மாறவில்லை என்றும் கண்ணை மூடியபடியே சொன்னாள்.

"காலைல ஷெட்டுக்குள்ள எவ்ளோ நேரம் ஓடவிடுவீங்க?"

"காத்து ஏறுற வரைக்கும். பிரேக்குக்குக் காத்து வேணும்ல. அது ஏறாம வண்டி நகராது."

"எல்லா வண்டியையும் ஒண்ணாவா?"

"இல்லடி, சாமி ஊர்வலம் மாதிரி ஒவ்வொண்ணா," என்று அக்கா சிரித்தாள். "எல்லாருக்கும் ஒரே நேரம்தான் டியூட்டி. வேற எப்படி?"

இளையவள் சிரிக்கவில்லை. தகரக் கூரை போட்ட நீளமான ஷெட், அதற்குள் வரிசையாக நின்று ஓடும் குளிர்ந்த எஞ்சின்கள், ஒவ்வொன்றும் தான் தட்டித் தட்டிச் சீராக்கிய எஞ்சின்.

மறுநாள் பேராசிரியரின் அறைக்குப் போனாள். கூடத்தின் தலைவர் அவர். கெட்டவர் இல்லை. கையில் காசில்லாத காலத்தில் ஓட்டை உடைசலாகக் கிடந்த கூடத்தை ஒவ்வொரு கருவியாகச் சேர்த்து நிமிர்த்தியவர். அவள் சொன்னதைக் கவனமாகக் கேட்டார். அளவுகளைப் பார்த்தார். குளிர்ந்த நிலையையும் சும்மா ஓடும் நிலையையும் சோதனையில் சேர்க்க வேண்டும் என்று அவள் கேட்டாள். தீப்பொறியைச் சற்றுத் தாமதித்து, குளிரில் மட்டும் வாயுவைக் கொஞ்சம் கூட்டினால் டப்பா சீக்கிரம் சூடாகிவிடும், பிரச்சினை பெரும்பாலும் தீரும் என்றும் சொன்னாள்.

"எரிவாயு கூடுதலா செலவாகுமே?"

"கொஞ்சம் ஆகும் சார்."

அந்தக் கொஞ்சத்தில்தான் எல்லாமே இருந்தது. ஒரு துளிகூட வீணாகாது என்று ஊரெல்லாம் பலகை வைத்தாகிவிட்டது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நம்மிடம் கேட்டதை அளப்பதுதான் நம் வேலை, கேட்காததை அளந்து கொடுத்தால் நாளைக்கு யாரும் எஞ்சின் அனுப்ப மாட்டார்கள் என்று பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதில் தவறு என்று சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"யாராவது உங்கள நேரா கேட்டா என்ன சார் சொல்வீங்க?"

"கேக்கும்போது பாத்துக்கலாம்மா," என்றார் அவர்.

அவள் ஒளிந்து எதையும் செய்யவில்லை. அந்த வாரம் முழுக்க, எல்லோரும் வருவதற்கு முன் வந்து, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி அளந்தாள். இன்றைய சோதனை என்ன என்று எழுதும் பலகையில் கொட்டை எழுத்தில் அதையே எழுதிப் போட்டாள். பேராசிரியர் அதைத் தாண்டித்தான் தன் அறைக்குப் போக வேண்டும். போனார், வந்தார், அழிக்கச் சொல்லவில்லை. நட்டுதான் தவித்துப்போனார். இந்தப் பலகையைக் கொஞ்சம் சின்னதாக எழுதக் கூடாதா என்று கேட்டார். வயதானவர்களுக்குக் கண் தெரியாதே என்றாள் அவள்.

அறிக்கைக்கு முன்பு கம்பெனி மேலாளர் நேரில் வந்து ஒரு சோதனையைப் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். அவர் வருவதற்கு முந்தைய நாள் பேராசிரியர் அவளைக் கூப்பிட்டு, அவர்கள் வரும்போது எஞ்சின் சூடாக இருக்க வேண்டும் என்றார். அவள் சரி என்று சொல்லவில்லை. கேட்டுக்கொண்டேன் என்று மட்டும் சொன்னாள்.

மேலாளர் நல்ல மரியாதையான மனிதர். எதற்கும் முதலில் ஒரு சிரிப்பு வரும், பிறகுதான் பேச்சு வரும். இரண்டு உதவியாளர்களோடு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றார். உள்ளே எஞ்சின் சத்தமில்லாமல் கிடந்தது.

"இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலையா?"

"உங்களுக்காகத்தான் சார் காத்திருக்கேன். காலைல பஸ் எப்படிக் கிளம்புதுன்னு ஒரு தடவ பாத்துடலாம்."

பேராசிரியர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் கிளப்பிவிட்டாள். எஞ்சின் ஒரு முறை இருமிவிட்டு, ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. திரையில் கோடு ஏறியது. ஏறி, அங்கேயே நின்றது. உதவியாளர்களில் இளையவர் தன்னையறியாமல் முன்னால் குனிந்து பார்த்தார். மேலாளரின் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை.

"இது ஒப்பந்தத்துல இல்லையே," என்றார்.

"ஒப்பந்தத்துல இல்ல சார். புகையில இருக்கு."

பேராசிரியர் நிறுத்தச் சொன்னார். இன்னும் முடியவில்லை என்று அவள் திரும்பாமலே சொன்னாள். அவர் இரண்டாவது முறை சொன்னபோது குரல் தாழ்ந்திருந்தது. அவள் அப்போதும் நிறுத்தவில்லை. அடுத்ததாக, தான் கண்டுபிடித்த மாற்றத்தைப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. தீப்பொறியைத் தாமதித்தாள், வாயுவைச் சற்றுக் கூட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு வளைந்து இறங்கத் தொடங்கியது. பாருங்கள், தீர்வும் இங்கேதான் இருக்கிறது, நாளையே பேருந்துகளில் போட்டுவிடலாம் என்றாள். எரிவாயுச் செலவு காட்டும் எண்ணை மேலாளர் சுட்டிக்காட்டினார். அதுவும் ஏறியிருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, நல்ல சோதனை என்று பேராசிரியரின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

அன்று மதியமே அவள் அந்த எஞ்சினின் சோதனையிலிருந்து நீக்கப்பட்டாள். சோதனை அறையின் சாவியை வாங்கி வரச் சொல்லி நட்டுவை அனுப்பியிருந்தார்கள். அவர் வாசலில் நின்றுகொண்டு காலை மாற்றி மாற்றி வைத்தார்.

"மேடம், நீங்க இல்லன்னு சொல்லிடட்டுமா?"

"இருக்கேன்ல அண்ணா, எதுக்கு இல்லன்னு சொல்லணும்?" என்று சாவியை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு போகும்போது, யாருக்கும் கேட்காதபடி, எஞ்சினைத்தான் திட்டினார்.

சில நாட்களில் அறிக்கை தயாரானது. அதில் எல்லாம் சூடான எஞ்சினின் அளவுகள். எல்லாம் உண்மை. எல்லாம் அவள் அளந்தவை. பேராசிரியர் தானே அவள் மேசைக்குக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார். ஒன்று குளிர் அளவைச் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றாள். அவர் நின்று பார்த்தார். பல மாத வேலையை இப்படித் தூக்கி எறிகிறாயே என்று கேட்டார். எறியவில்லை, எனக்கென்று வைத்துக்கொள்கிறேன் என்றாள். அறிக்கை அவள் பெயர் இல்லாமலே போனது.

அதையெல்லாம் கேட்டால் அக்கா பெருமைப்படுவாள் என்று இளையவள் நினைத்திருந்தாள். அக்கா கையில் இருந்த துணியை மடிப்பதை நிறுத்திவிட்டு முறைத்தாள்.

"அப்ப இந்த பஸ்ஸ நிறுத்திடுவாங்களா?"

"அப்படி யாரும் சொல்லலையே."

"நீ சொல்ற மாதிரி போய்ப் பேசினா நிறுத்திடுவாங்க. பழைய டீசல் வண்டிய திரும்பக் கொண்டாந்து விடுவாங்க. அது என்ன குலுக்கு குலுக்கும் தெரியுமா? ஓட்டிட்டு வந்தா முதுகெலும்ப எண்ணிப் பாக்கணும். மூஞ்சி பூரா கரி. இந்த வண்டி கண்ணத்தான் எரிக்குது, அது ஆளையே எரிச்சுது."

"அதுக்காக இத சகிச்சுக்கணுமா?"

"நான் எப்ப சகிச்சுக்கணும்னு சொன்னேன்? எனக்கு இதே வண்டி வேணும். கண்ணும் வேணும்."

இருவரும் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டார்கள். சின்ன வயதில் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்ட அதே வேகம். மாமா நடுவில் வந்து, சொட்டு மருந்தை யாருக்கு விட வேண்டும் என்று கேட்டதும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு உட்கார்ந்து, ஓட்டுநருக்கே உரிய முறையில் கேட்டாள்: சரி, நாங்கள் என்ன செய்ய வேண்டும், அதைச் சொல்லு.

எஞ்சினை மாற்றுவது கம்பெனி வேலை என்றாள் தங்கை. அதுவரைக்கும் வண்டியை ஷெட்டுக்குள் கிளப்பக் கூடாது. காற்று ஏறாமல் வண்டி நகராது என்பதால், முந்தைய நாளே வெளியே நிறுத்திவிட வேண்டும். திறந்த வெளியில் கிளப்பினால் புகை கலைந்து போய்விடும்.

"அவ்ளோதானா?" என்றாள் அக்கா. "இதுக்கா இவ்ளோ படிச்ச?"

ஆனால் அது அவ்வளவு சுலபமாக இல்லை. முன்பொரு சமயம் வெளியே நின்ற வண்டிகளில் பேட்டரி திருட்டு நடந்ததிலிருந்து, எல்லா வண்டியும் ஷெட்டுக்குள் நிற்க வேண்டும் என்பது டிப்போவில் கண்டிப்பான உத்தரவு. அக்கா முதலில் டிப்போ மேலாளரிடம் முறையாகக் கேட்டாள். அவர் கறாரான ஆள். ஆதாரம் எங்கே என்றார். தங்கை அளந்ததைச் சொன்னபோது, பல்கலைக்கழக அறிக்கையே வந்துவிட்டது, அதில் எல்லாம் சுத்தம் என்றுதான் இருக்கிறது என்று மேசையைத் தட்டினார்.

மறுநாள் சாயங்காலம் அக்கா தன் வண்டியைக் கொண்டுவந்து, ஷெட்டுக்குள் போகாமல், முற்றத்தின் நடுவில் நிறுத்தி இறங்கினாள். பின்னால் வந்த ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அவள் அவரிடம் போய் ஏதோ சொன்னாள். அவரும் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு இறங்கினார். அதற்குப் பிறகு வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியே இருக்கவில்லை. எரிகிற கண் எல்லோருக்கும் இருந்தது. வண்டிகள் முற்றம் முழுக்க வரிசைகட்டி நின்றன. ஷெட் வெறும் கொட்டகையாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

டிப்போ மேலாளர் படியிறங்கி வந்தார். இளையவளும் அங்கேதான் நின்றிருந்தாள். அக்காவைக் கூட்டிக்கொண்டு போக வந்ததாகக் காவலாளியிடம் சொல்லி உள்ளே நுழைந்திருந்தாள்.

"வண்டிய உள்ள விடு," என்றார் மேலாளர்.

"விடறேன் சார். காலைல நீங்க வந்து ஸ்டார்ட் பண்ணிக் குடுங்க. காத்து ஏறுற வரைக்கும் உள்ளயே உக்காந்திருக்கணும்."

"பேட்டரி போனா யார் பதில் சொல்றது?"

"பேட்டரி போனா வேற வாங்கலாம் சார். கண்ணு எந்தக் கடைல விக்கிறாங்க?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். மேலாளர் சிரித்த ஆளைத் தேடினார். அங்கிருந்த எல்லா முகமும் ஒரே மாதிரி இருந்தது. அக்காவுக்கு விளக்கம் கேட்டு உத்தரவு போடுவேன் என்றார். போடுங்கள், எரிகிற கண்ணால் படித்துப் பார்க்க வசதியாகக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள் என்றாள் அக்கா. தன் பலகையைப் பற்றி அக்காவுக்கு எதுவுமே சொன்னதில்லை என்பது இளையவளுக்கு நினைவுக்கு வந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான் என்று அந்த இடத்திலும் அவளுக்குச் சிரிப்பு முட்டியது.

அக்காவை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தினார்கள். அவள் வீட்டில் உட்கார்ந்து, தூங்கி, மாமாவின் சமையலைக் குறை சொல்லி, அவரைப் பாடாய்ப்படுத்தினாள். வண்டிகள் மட்டும் உள்ளே போகவில்லை. அவள் இல்லாத சாயங்காலங்களிலும் முற்றத்தில்தான் நின்றன. இவர்கள் சொல்வதெல்லாம் கதை என்று காட்டுவதற்காக, மேலாளரே ஒரு ராத்திரி ஒரு வரிசை வண்டியை ஷெட்டுக்குள் விடவைத்து, காலையில் ஆட்களை வைத்துக் கிளப்பச் சொல்லி, நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். தூசி என்றார். இன்னும் கொஞ்ச நேரத்தில் இருமினார். அதற்குமேல் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அன்று மதியம் போக்குவரத்துக் கழகத்தின் தலைமை அலுவலகத்துக்கு அவர்தான் தொலைபேசியில் பேசினார் என்று பிறகு தெரிந்தது.

கழகம் கம்பெனியைக் கேட்டது. கம்பெனி பல்கலைக்கழக அறிக்கையைக் காட்டியது. கழகத்தின் பொறியாளர்கள் பேராசிரியரைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். கூடவே சோதனைக்கூடத்து ஆட்களும் வர வேண்டும் என்றார்கள். முள்ளு கடைசி வரிசையில், நட்டுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனி மேலாளர் நன்றாகப் பேசினார். எல்லா அளவும் விதிமுறைக்குள் இருக்கிறது, ஓட்டுநர்களின் கண் எரிச்சலுக்கு வேறு காரணம் இருக்கலாம் என்றார். பேசி முடித்ததும் கழகத்துப் பொறியாளர் ஒருவர் பேராசிரியரைப் பார்த்து, குளிர்ந்த எஞ்சினை நீங்கள் அளந்தீர்களா என்று கேட்டார்.

நேராகத்தான் கேட்டார்.

பேராசிரியர் எதிரில் இருந்த தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். ஒப்பந்தத்தில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மைதான். கடைசி வரிசையில் இருந்தவளை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"அளந்தோம்," என்றார். "இருக்கு. நிறையவே இருக்கு. என் கூடத்து ஆராய்ச்சியாளர் அளந்தாங்க. அவங்களே சொல்லட்டும்."

முள்ளு எழுந்து முன்னால் போனாள். கையில் ஒன்றும் எடுத்து வந்திருக்கவில்லை. எல்லாம் மனப்பாடமாக இருந்தது. புகையில் என்ன வருகிறது, ஏன் வருகிறது, ஷெட்டுக்குள் என்ன ஆகிறது, எதைச் செய்தால் குறையும், அதற்கு எவ்வளவு வாயு கூடுதலாகச் செலவாகும் என்று ஒன்று விடாமல் சொன்னாள். எஞ்சின் நல்ல எஞ்சின் என்பதையும் சொன்னாள். கம்பெனி மேலாளர், இந்த அளவுகளுக்கு அங்கீகாரம் இல்லை என்றார். அப்படியென்றால் நாளைக் காலை டிப்போவுக்கு வாருங்கள், அங்கீகாரத்தோடு எல்லோரும் சேர்ந்தே அளக்கலாம், நானும் வருகிறேன் என்றாள் அவள். அவர் வரவில்லை. கழகத்துக்காரர்கள் வந்தார்கள், அளந்தார்கள்.

கம்பெனி பேருந்துகளின் அமைப்பை மாற்றிக் கொடுத்தது. அந்த டப்பாவையும் எஞ்சினுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பொருத்தியது. புகையில் அந்த எரிச்சல் வாயு அறவே போகவில்லை. ஆனால் முன்பிருந்ததற்கு இது எவ்வளவோ தேவலை. எரிவாயுச் செலவு சற்று ஏறியது. விளம்பரப் பலகைகளை ஒரு நாள் சத்தமில்லாமல் இறக்கிவிட்டார்கள். அக்கா வேலைக்குத் திரும்பினாள். ஷெட்டின் கூரையில் புகையை வெளியே இழுக்கும் காற்றாடிகள் வைத்து, இனி உள்ளே நிறுத்தலாம் என்று உத்தரவு வந்தது. ஓட்டுநர்கள் அந்த உத்தரவைப் படித்துவிட்டு, வண்டியை முற்றத்திலேயே நிறுத்திவிட்டுப் போனார்கள். மேலாளரும் வற்புறுத்தவில்லை. காவலுக்கு இன்னொரு ஆளைப் போட்டுக்கொண்டார்.

முள்ளுவுக்கு யாரும் மாலை போடவில்லை. அந்தக் கம்பெனி தன் எஞ்சின்களை மொத்தமாக வேறொரு கூடத்துக்கு மாற்றிக்கொண்டது. அடுத்து எரிவாயுவில் ஓடும் ஜெனரேட்டர் செய்யும் கம்பெனி ஒன்று பேச வந்தது. சோதனைக்கான நிபந்தனைகளைப் பேராசிரியர் இந்த முறை கையெழுத்துக்கு முன்பே அவளிடம் கொடுத்தார். அவள் குளிர் நிலையைச் சேர்த்தாள், சும்மா ஓடும் நிலையைச் சேர்த்தாள், திடீரென்று சுமை விழும் நிலையையும் சேர்த்தாள். அவர் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இதெல்லாம் கேட்டா அவங்க வேற லேபுக்குப் போயிடுவாங்கம்மா."

"போகட்டும் சார். அங்கயும் காலைல எஞ்சின் குளுந்துதான் கிடக்கும்."

அவர் ஒரு வரியையும் அடிக்கவில்லை. அப்படியே அனுப்பிவைத்தார். அவர்கள் போகத்தான் போனார்கள். இரும்புப் படுக்கை வெகுநாள் காலியாகக் கிடந்தது. மற்றவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அதைச் சுற்றி நடந்தார்கள். நட்டு ஒரு வேலையும் இல்லாமல் படுக்கையைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தார்.

ஒரு நாள் காலையில் அவள் ஒரு வாடகை வண்டியோடு வந்து இறங்கினாள். பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிய ஓர் எஞ்சின் இருந்தது. விபத்தில் சிக்கிய பேருந்து ஒன்றிலிருந்து கழற்றியது, பழைய இரும்புக்குப் போக வேண்டியது. அக்கா சொல்லி, டிப்போ மேலாளர் அதைக் கூடத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். இதைச் சோதிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, ஒப்பந்தமும் இல்லை. நட்டு தார்ப்பாயை விலக்கி, நசுங்கிய மூடியைத் தட்டிப் பார்த்து, இதைப் போய் யாருக்காக அளக்கப் போகிறோம் என்று கேட்டார்.

"நமக்காக அண்ணா. பிடிங்க, இறக்கலாம்," என்றாள் அவள்.